கொரியன் படம்னா சுத்தியலும் கத்தியும் மட்டும் இல்ல மக்களே

கொரியன் படம் ஏதாச்சும் நல்லதா சொல்லுங்கன்னு ஒரு குரூப்ல யாராவது கேட்டா போதும், கொஞ்ச நேரத்துல கமெண்ட் குவிஞ்சிரும், எல்லாத்துலயும் அதே நாலு பேருதான் இருக்கும். ஓல்ட்பாய், ஐ சா த டெவில், சேஸர், த மேன் ஃப்ரம் நோவேர். கேட்டவரும் பாவம் சனிக்கிழமை நைட்டு வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு ஓல்ட்பாய போட்டுட்டு, பாதிக்கு மேல யார் மூஞ்சியையும் பாக்க முடியாம ரிமோட்ட தேடிட்டு இருப்பாரு. நல்ல படங்கதான், நான் இல்லங்கல. ஆனா இதையே மொதல்ல குடுத்து குடுத்து, கொரியன் படம்னாலே சைக்கோ கொலைகாரன், சுத்தியல், மழை, பழிக்குப் பழின்னு நம்மாளுங்க ஒரு முடிவுக்கே வந்துட்டாங்க. அதுல மழை மட்டும் உண்மை, அது பாதி படத்துல பெய்யும்.

என் கணக்கு வேற. த்ரில்லர், பேய், காமெடின்னு ஜானர் பிரிச்சு லிஸ்ட் போடுறதே இவங்ககிட்ட சரியா வராது. வாசல்ல ஒரு போர்டு மாட்டி வச்சிருப்பாங்க, உள்ள போனா வேற எதையோ பரிமாறுவாங்க. பேய்ப் படத்துக்குள்ள ஜப்பான்காரன் ஆண்ட காலம் இருக்கும், கொலைப் படத்துக்குள்ள ராணுவ ஆட்சி இருக்கும். அதனால நான் சொல்ற ஆர்டர்ல பாத்துட்டு அப்புறம் ரத்தத்துக்கு போங்க.

மொதல்ல த வே ஹோம் (2002). சியோல்ல வளந்த ஒரு வாண்டுப் பையன், ஏழு வயசு இருக்கும், அம்மாவுக்கு பொழப்பு சரியில்லன்னு மலைக் கிராமத்துல வாய் பேச முடியாத பாட்டிகிட்ட விட்டுட்டுப் போயிருவாங்க. பய கையில வீடியோ கேம், பேட்டரி தீர்ந்து போச்சுன்னு பாட்டி தலைல இருக்க கொண்டை ஊசியவே தூங்கும்போது திருடிட்டுப் போவான். ஒரு நாள் கென்டக்கி சிக்கன் வேணும்னு கேப்பான், பாட்டிக்கு கென்டக்கி என்ன தெரியும், கோழின்னு மட்டும் புரிஞ்சிக்கிட்டு மழைல நனைஞ்சிக்கிட்டே ஒரு உயிர்க் கோழிய வாங்கிட்டு வந்து அடிச்சு அவிச்சு வைக்கும். இதுவா சிக்கன்னு அவன் அழுது ஊரைக் கூட்டுவான். அப்புறம் நடுராத்திரி பசி தாங்காம எந்திரிச்சு அதே அவிச்ச கோழியப் பிச்சு தின்பான் பாருங்க, அந்த சீன்ல யாரும் எதுவும் பேச மாட்டாங்க. அந்தப் பாட்டி சினிமா நடிகை கெடையாது, அந்த மாதிரி ஊர்லயே வாழ்ந்த ஒரு கெழவிய டைரக்டர் லீ ஜங் ஹியாங் கண்டுபிடிச்சு நடிக்க வச்சிருக்காங்க. எங்கம்மாவுக்கு சப்டைட்டில் படிக்க வராது, நான் ஒரு வரி கூட சொல்லாமலே முழுப் படத்தையும் பாத்து முடிச்சாங்க, பாத்துட்டு அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி திட்டுனாங்க.

அடுத்து மெமரிஸ் ஆஃப் மர்டர் (2003). இது அந்த வழக்கமான லிஸ்ட்லயும் வரும், ஆனா எல்லாரும் யார் கொலைகாரன்னு தெரிஞ்சிக்க பாக்குறாங்க, அப்படி பாத்தா பாதிதான் கிடைக்கும். 1986ல இருந்து 91 வரைக்கும் ஹ்வாசங்ங்கிற ஏரியாவுல நெஜமா நடந்த பெண்கள் கொலை வழக்கு. போங் ஜூன் ஹோவோட ரெண்டாவது படம்தான் இது, ஆளு அப்பவே எங்கயோ இருந்திருக்காரு. ஆரம்பத்துல வயக்காட்டுல ஒரு பொணம் கெடக்கும், வேடிக்கை பாக்க ஊரே வந்திருக்கும், சின்னப் பசங்க குறுக்க ஓடுவாங்க, வரப்புல இருந்து ஆபீசர் ஒருத்தர் வழுக்கி உருண்டு விழுவாரு, கெடச்ச ஒரே ஒரு கால் தடத்து மேல டிராக்டர் ஏறிப் போயிரும், கேஸ விசாரிக்கற போலீஸா வர்ற நடிகர் சாங் காங் ஹோ நடுவுல நின்னு கத்திக்கிட்டே இருப்பாரு. கேமரா கட்டே ஆகாம சுத்திச் சுத்தி வரும். சிரிச்சுக்கிட்டே பாப்போம். ஆனா அந்த ஒரு சீன்லயே இந்த கேஸ் தேறாதுன்னு சொல்லிட்டாரு.

இன்னொரு எடம் இருக்கு. அடிச்சு ஒதச்சு ஒத்துக்க வச்ச அப்பாவி பையனையே பக்கத்துல உக்கார வச்சு, போலீஸ்காரங்க ஜஜாங்மியான் நூடுல்ஸ் தின்னுக்கிட்டே டிவில போலீஸ் சீரியல் பாப்பாங்க. அடிச்சவனும் அடி வாங்குனவனும் ஒண்ணா உக்காந்து அந்த சீரியலோட டைட்டில் மியூசிக்க ரசிப்பாங்க. இத பாத்து எனக்கு சிரிக்கவா வேணாமான்னே தெரியல. அப்புறம் ஒரு ராத்திரி இன்னைக்கு கொலை நடக்கும்னு தெரிஞ்சு கூடுதல் போலீஸ் கேப்பாங்க, இருக்கற போலீஸ் எல்லாம் போராட்டத்த அடக்கப் போயிருச்சுன்னு பதில் வரும். ராணுவ சர்வாதிகாரி சுன் டூ ஹ்வானோட ஆட்சிக்காலம் அது. அந்த ஒரு பதில்தான் என்னப் பொறுத்தவரைக்கும் மொத்தப் படமும்.

நெஜக் கதை படத்த விட மோசம். 2019ல டிஎன்ஏ வச்சு ஆளக் கண்டுபிடிச்சாங்க, அவன் ஏற்கனவே 1994ல மச்சினிச்சியக் கொன்ன கேஸ்ல ஆயுள் தண்டனைல உள்ளதான் இருந்திருக்கான். காலக்கெடு தாண்டிப் போனதால இந்தக் கொலைகளுக்கு தண்டனையே குடுக்க முடியல. இந்தப் படத்த பாத்தியான்னு கேட்டதுக்கு, பாத்தேன், ஒண்ணும் தோணலன்னு சொன்னானாம். அதே கேஸ்ல போலீஸ் அடிச்சு ஒத்துக்க வச்ச இன்னொருத்தர் 20 வருஷம் ஜெயில்ல இருந்துட்டு வந்து 2020லதான் நிரபராதின்னு தீர்ப்பு வாங்குனாரு. இதெல்லாம் தெரிஞ்சிக்கிட்டு அந்த நூடுல்ஸ் சீன திரும்ப பாருங்க.

அந்த ஆட்சி எப்படி வந்துச்சுன்னு தெரியணும்னா எ டாக்ஸி டிரைவர் (2017). பழைய ராபர்ட் டி நீரோ படம் இல்ல, தேடும்போது அதப் போட்டுட்டு வந்து என்னைத் திட்டாதீங்க. 1980 மே மாசம், குவாங்ஜூ நகரத்துல ராணுவம் ஜனங்கள சுடுது, டெலிபோன் கட், பேப்பர்ல முழுக்க பொய். யூர்கன் ஹின்ஸ்பீட்டர்னு ஒரு ஜெர்மன் டிவி நிருபர் அத படம் புடிக்கணும், சியோல்ல இருந்து அவர டாக்ஸில கூட்டிட்டுப் போறவன் நம்மாளு சாங் காங் ஹோ, அவனுக்கு அரசியலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, வாடகை பாக்கி அவங்க ஊர் காசுல ஒரு லட்சம் வொன், இந்த சவாரிக்கும் அதே ஒரு லட்சம், அவ்ளோதான், அதுவும் இன்னொருத்தனுக்கு வந்த சவாரிய தட்டிட்டு வந்தது. உள்ள நடக்கறத பாத்து பயந்து தப்பிச்சு பக்கத்து ஊருக்கு வந்துருவான், அங்க எல்லாம் சாதாரணமா இருக்கும், மகளுக்கு ஷூ வாங்குவான், கடைல உக்காந்து நூடுல்ஸ் அள்ளி அள்ளித் திம்பான். பக்கத்துல இருக்கவங்க பேப்பர்ல வந்த பொய்ய உண்மைன்னு பேசிக்கிட்டு இருப்பாங்க. கடைக்காரம்மா ஒரு சோத்து உருண்டை குடுக்கும். நேத்து குவாங்ஜூல ஒரு பொண்ணு அவனுக்கு குடுத்ததும் அதேதான். அதுக்கப்புறம் கார்ல அவன் பாட்டு பாட ட்ரை பண்ணி முடியாம அழுவான் பாருங்க, அந்த ஆளுக்கு எந்த அவார்டு குடுத்தாலும் தகும்.

அந்த நெஜ டிரைவர ஹின்ஸ்பீட்டர் கடைசி வரைக்கும் தேடிட்டே இருந்தாரு, 2016ல இறந்துட்டாரு, படம் அடுத்த வருஷம்தான் வந்துச்சு. ரிலீசுக்கு அப்புறம் டிரைவரோட பையன் வந்து எங்கப்பாதான், 1984லயே போயிட்டாருன்னு சொல்லிருக்காரு. இது புடிச்சிருந்தா 1987 வென் த டே கம்ஸ், எல்லைல நடக்கற ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா (2000), ரெண்டையும் கையோட பாத்துருங்க.

பேய் வேணும்னா த வெய்லிங் (2016). ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடும், அவசரத்துல பாக்காதீங்க. ஊர்ல கொலை நடந்திருக்கு, போலீஸ்காரன் கிளம்புறான், மாமியாக்காரி சாப்ட்டுட்டு போங்கன்னு உக்கார வச்சிரும், அவனும் சாப்ட்டுட்டுத்தான் போவான். அப்படி ஒரு தொப்பை வச்ச பயந்தாங்கொள்ளி வீட்டுக்குள்ள அது நுழையும். ஹ்வாங் ஜங் மின் மந்திரவாதியா வந்து மேளத்தோட ஆடுற அந்த சடங்கு சீன் இருக்கே, கோடாங்கி உடுக்கை அடிச்சு பேய் ஓட்டறத சின்ன வயசுல பாத்தவங்களுக்கு சப்டைட்டிலே தேவைப்படாது. கடைசில யாரு நல்லவங்க யாரு கெட்டவங்கன்னு இன்னும் சண்டை போயிட்டு இருக்கு, எனக்கு ஒரு தியரி இருக்கு, கமெண்ட்ல கேட்டா சொல்றேன். அதே வழில எக்ஸுமா (2024), கன்வர்ஸ் ஷூ போட்டுக்கிட்டு சாமியாடுற கிம் கோ யுன், மண்ண நாக்குல வச்சு சுடுகாட்டு ராசி பாக்குற சோய் மின் சிக்னு மொதல் பாதி பிரமாதம், ரெண்டாவது பாதில பேய் கண்ணுக்கு தெரிய ஆரம்பிச்சதும் எனக்கு பயம் போயிருச்சு. ட்ரெய்ன் டு பூசான் எல்லாரும் பாத்திருப்பீங்க, விட்ருவோம்.

காமெடிக்கு எக்ஸ்ட்ரீம் ஜாப் (2019). போதைப்பொருள் கும்பல வேவு பாக்க எதுத்தாப்ல இருக்க சிக்கன் கடைய போலீஸ் டீமே விலைக்கு வாங்கும், கடை பிச்சுக்கிட்டு ஓடும், கேஸ மறந்துட்டு கோழி வறுத்துட்டு இருப்பாங்க. லாஜிக்லாம் கேக்காதீங்க. அஞ்சு கோடி சொச்சம் ஜனங்க இருக்க நாட்டுல ஒரு கோடியே 60 லட்சம் டிக்கெட் வித்த படம். அங்க ஒரு படத்தோட வெற்றிய எத்தன கோடி வசூல்னு பேசறத விட எத்தன பேர் பாத்தாங்கன்னுதான் பேசுவாங்க, நமக்கும் அந்தப் பழக்கம் வந்தா ட்விட்டர்ல பாதி சண்டை நின்னுரும்.

காதல்னா எல்லாரும் மை சாஸி கேர்ள் சொல்வீங்க. ஜாலியான படம்தான், கடைசி அரை மணி நேரம் இழுவை. நான் சொல்றது கிறிஸ்மஸ் இன் ஆகஸ்ட் (1998). சின்ன ஊர்ல போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கவன், சீக்கிரம் சாகப் போறான், அது அவனுக்குத் தெரியும், கடைக்கு வந்து போற பொண்ணுக்குத் தெரியாது. நம்ம ஊரா இருந்தா ரத்தவாந்தியும் வயலினும் வந்திருக்கும். இதுல அவன் அப்பாவுக்கு வீடியோ டெக்க எப்படி ஆன் பண்றதுன்னு சொல்லித் தருவான், கெழவருக்கு திரும்பத் திரும்ப மறந்து போகும், இவன் கடுப்பாகி எந்திரிச்சுப் போயிருவான். அப்புறம் ஒரு நாள் உக்காந்து மொதல்ல இந்த பட்டன், அடுத்து இந்த பட்டன்னு ஒரு தாள்ல எழுதி வைப்பான். எதுக்கு எழுதறான்னு யாரும் விளக்க மாட்டாங்க.

இப்ப நான் சண்டைக்கு ரெடியா சொல்ற விஷயம். போங் ஜூன் ஹோவோட பாரசைட் (2019) நாலு ஆஸ்கர் வாங்குச்சு, மின்சார கண்ணா கதைன்னு நம்மூர்ல சத்தம்லாம் போட்டாங்க, எல்லாம் சரி, ஆனா அத விட போயட்ரி (2010) ஒரு படி மேல. லீ சாங் டாங் படம், மனுஷன் நாவல் எழுதிட்டு சினிமாவுக்கு வந்தவரு, நடுவுல கலாச்சார மந்திரியாவே இருந்தாரு. 66 வயசு பாட்டி, மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு, கவிதை எழுத கிளாஸ் போறாங்க. அவங்க வளக்குற பேரனும் கூட்டாளிகளும் சேந்து ஒரு பொண்ண நாசம் பண்ணி அது ஆத்துல விழுந்து செத்துருச்சு. பசங்களோட அப்பாமாரு சாப்பாட்டு ஹோட்டல்ல தனியா உக்காந்து ஆளுக்கு 50 லட்சம் வொன் போட்டா அந்த தாயோட வாய அடைச்சிரலாம்னு கணக்கு பாப்பாங்க. இந்தப் பாட்டி நடுவுல எந்திரிச்சு வெளிய போய் கோழிக்கொண்டைப் பூவ பாத்து நோட்டுல ஏதோ எழுதிட்டு நிக்கும். உள்ள இருந்து ஜன்னல் வழியா அப்பாமாரு பாப்பாங்க, அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. இத பாத்த கையோட போங்கோட மதர் (2009) பாருங்க, அங்க ஒரு தாய் மகன காப்பாத்த எதுவும் செய்வா. அம்மா சென்டிமென்ட்டுக்கே வாழ்ந்த நமக்கு அந்தப் படம் சரியான அடி.

ஒரே ஒரு வேண்டுகோள். பத்து நிமிஷத்துல முழுக் கதையையும் சொல்றேன்னு யூடியூப்ல வர்ற வீடியோவ பாத்துட்டு படத்த பாத்தாச்சுன்னு கணக்கு சொல்லாதீங்க, மேல நான் சொன்ன நூடுல்ஸ், கோழி, வீடியோ டெக் எதுவும் அதுல இருக்காது, கதைக்குத் தேவையில்லன்னு வெட்டிருப்பாங்க. டப்பிங்கும் முடிஞ்ச வரைக்கும் வேணாம், சாங் காங் ஹோ முனகறதுக்கெல்லாம் நம்மாளுங்க பஞ்ச் டயலாக் எழுதி வச்சிருக்காங்க.

எல்லாம் பாத்தாச்சு, வேற இருக்கான்னு கேக்குற ஆளுங்களுக்கு கிம் கி யங் எடுத்த த ஹவுஸ்மெய்ட் (1960). கருப்பு வெள்ளை, மாடி வீடு, பியானோ வாத்தியார், வேலைக்காரப் பொண்ணு, எலி விஷம். பாரசைட்ல அந்த மாடிப்படி எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிரும், போங்கே இந்தப் படத்த வாய் நிறைய சொல்லிருக்காரு. கொரியன் ஃபிலிம் ஆர்கைவ் யூடியூப்ல பழைய படங்கள நெறைய ஃப்ரீயாவே சப்டைட்டிலோட போட்டு வச்சிருக்காங்க, அங்க போய் தோண்டுங்க.