ஸ்கான் நோர்மல் தானே?

இரண்டு மாதமாக ஏன் இந்தப் பக்கம் காணவில்லை என்று கேட்டவர்களுக்கு: போனைப் பார்த்தால் தலை சுற்றும், அவ்வளவுதான். இதையும் மூன்று தடவை இருந்து எழும்பித்தான் எழுதுகிறேன்.

ஒஃபிஸ் அணிக்காக வலைப்பந்து விளையாடுகிறேன். ஒரு பாஸுக்குத் தாவியபோது எதிரணிப் பிள்ளையின் முழங்கை நெற்றிப்பொட்டில் பட்டு, பின்மண்டை சீமெந்துத் தரையில் அடித்தது. மயங்கவில்லை. எழும்பி "எத்தனை கோல்?" என்று கேட்டேனாம். சொன்னார்களாம். இரண்டு நிமிடத்தில் திரும்பவும் கேட்டேனாம். எல்லோரும் சிரிக்க நானும் சிரித்துக்கொண்டே மேட்ச்சை முடித்தேன்.

அன்றிரவு ஸ்கான் எடுத்தோம். நோர்மல். வட்ஸ்அப் குறூப்பில் கப் அடித்த மாதிரிக் கொண்டாட்டம். ஸ்கான் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். கொன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்குவது, அதில் தெரியாது. குலுங்கிய மூளைக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும் நேரத்தில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. படத்தில் அதற்கு அடையாளம் இல்லை. மயங்கினால்தான் கொன்கஷன் என்பதும் பிழை. பெரும்பாலானோருக்கு மயக்கமே வருவதில்லை.

ஆறாம் நாள் அரையிறுதி. இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு போனேன். "ஓகேயா பிள்ளை?" "ஓகே சேர்." திரும்ப அடி எதுவும் படவில்லை. ஓடியதற்கே இரண்டாவது குவாட்டரில் ஆடுகளமே ஒரு பக்கம் சரிந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து. 100ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்னுக்கு கொழும்பு காலி வீதியில் நின்று அழுதிருக்கிறேன். வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பெயர் வராமல் விரலால் காட்டினேன். கடைக்கார ஐயா ஒன்றும் கேட்காமல் கட்டித் தந்தார்.

2019 ஓகஸ்டில் லோர்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது ஞாபகம் இருக்கிறதா? 80 ஓட்டத்தோடு வெளியே போனவர், பரிசோதனையில் தேறி, அன்றே திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலை தலைவலி. அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். மருத்துவர்கள் பக்கத்தில் நின்ற மனுசனுக்கே அறிகுறி ஓர் இரவு பிந்தித்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் நின்றது ஐஸ் பெட்டி மட்டும்.

அதனால் என் கோபம் அந்த முழங்கை மேல் இல்லை. அடிபட்ட தலையிடமே "விளையாடலாமா?" என்று கேட்கிறோமே, அதன் மேல்தான். அது ஆம் என்றுதான் சொல்லும். தலையில் அடிபட்டுச் சந்தேகம் வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. இதை வெளியே நிற்கும் ஒருவர் சொல்ல வேண்டும், விளையாடுபவர் அல்ல.

திரும்பி வருவதற்கும் படி இருக்கிறது. முதல் ஓரிரு நாள் ஓய்வு. இருட்டறையில் கிடக்கத் தேவையில்லை. அப்புறம் நடை, மெல்லோட்டம், தனிப் பயிற்சி என்று ஒவ்வொன்றாக. ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். மோதல் உள்ள பயிற்சி, டொக்டர் சரி என்ற பிறகு. நான் மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி வரை தலைவலி இல்லாமல் நடக்கவே ஐந்து வாரம் பிடித்தது.

போன சனி பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு தங்கச்சி தலை அடிபட விழுந்து, எழும்பி, "ஓகே அக்கா" என்றாள். அவள் சட்டைக்கு மேல் போட்டிருந்த பிப்பைக் கழற்றி வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் என்னோடு கதைக்கவில்லை.