கைப்பிடி வைத்தால் அழகு கெட்டுவிடுமாம்!

குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று கேட்டேன். “வேண்டாம் மேடம், ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும்” என்றார் எங்கள் வீட்டின் உள் அலங்கார வேலையை எடுத்திருக்கும் நிறுவனத்து இளைஞர். அவர் ஒருவர் மட்டும் இப்படிச் சொல்லியிருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். அதற்கு முன் விலை கேட்கப் போன இடங்களிலும் இதே பதில், இதே முகச்சுளிப்பு.

அம்மாவுக்கு 78 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குளியலறைக்குள் தினமும் ஈரக்காலோடு நிற்கப் போவது அவர். பணம் கொடுப்பது நாங்கள். ஆனால் அங்கே கம்பி இருக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது, கணினியில் படம் வரைந்து காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிற ஒருவர். இது என்ன நியாயம்?

இன்றைய வீட்டு அலங்காரத்தைச் சற்று நின்று கவனியுங்கள். கைக்கு எட்டுகிற பிடிமானம் எதுவாக இருந்தாலும் அதைப் பிடுங்கி எறிவதுதான் நாகரிகம் என்றாகிவிட்டது. அலமாரிக் கதவில் கைப்பிடி கிடையாது; விளிம்பில் விரலை நுழைத்து இழுக்க வேண்டும். மூட்டுவாதம் வந்த விரல்களால் அது முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. சுவிட்சுகள் எல்லாம் வழவழவென்ற கண்ணாடிப் பலகைகள். பழைய சுவிட்சை இருட்டில் கையால் தடவிக் கண்டுபிடிக்கலாம். இதைத் தடவினால் மின்விசிறி ஓடுகிறது, ஏ.சி. நிற்கிறது, விளக்கு மட்டும் எரிவதில்லை. வரவேற்பறை நடுவே ஓர் அடி பள்ளம் வெட்டி, அதில் சோபாவை இறக்குகிறார்கள். மேலேயும் கீழேயும் ஒரே நிறத் தரை. பார்வை மங்கியவர்களுக்கு அங்கே ஒரு படி இருப்பதே தெரியாது. “படி விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை போடுங்கள்” என்றால், “தரையின் தொடர்ச்சி கெட்டுவிடும் மேடம்” என்கிறார்கள். தொடர்ச்சி கெடக் கூடாதாம். இடுப்பெலும்பு முறியலாமாம்.

தரையைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். நான்குக்கு இரண்டு அடி டைல்ஸ், கண்ணாடி போல முகம் தெரிகிற பளபளப்பு, வீடு முழுக்க இணைப்புக் கோடே கண்ணில் படாமல். கடையில் நின்று பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் ஈரம் இல்லையே! நான் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “இதற்கு வழுக்கல் தர எண் என்ன?” அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. “எல்லாம் முதல் தரம் மேடம்” என்றார்.

அப்படி ஒரு எண் இருக்கிறது. சாய்தளத்தில் டைல்ஸைப் பதித்து, எண்ணெயை ஊற்றி, காலணி அணிந்த ஒருவரை அதன்மேல் நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் அவருக்குக் கால் வழுக்குகிறது என்று பார்த்துத் தருகிற தரம் அது. ஜெர்மானியர் வகுத்த சோதனை. ஆர் 9 முதல் ஆர் 13 வரை போகும். எண் ஏற ஏறப் பிடிப்பு கூடும். ஆர் 9 என்பது வெறும் ஆறு முதல் பத்து பாகைச் சாய்வு. வெறுங்காலோடு நடக்கிற ஈரமான இடங்களுக்கு, சோப்புக் கரைசல் ஊற்றிச் சோதித்து ஏ, பி, சி என்று தனியாகவும் வகைப்படுத்துகிறார்கள்; அதில் சி தான் மிகவும் பிடிப்பானது. எண்ணெய் ஊற்றிச் சோதிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குத் தோன்றியது, இது நம் வீடுகளுக்கென்றே வைத்த சோதனை என்றுதான். தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறைக்குள் போகிறவர்கள் நாம். தீபாவளி விடியலில் வீட்டிலுள்ள அத்தனை பேரும் எண்ணெய்க் காலோடுதான் அந்தத் தரையில் நிற்கிறோம். அந்தத் தரைக்கு என்ன போடுவது என்று முடிவெடுக்கும்போது கேட்கப்படுகிற ஒரே கேள்வி, “மேட் வேண்டுமா, கிளாஸி வேண்டுமா, எது சுவரோடு பொருந்தும்?” என்பது!

கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, மாதிரிக்கு வைத்திருந்த டைல்ஸ் மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்று பார்த்தேன். சுற்றியிருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மினுமினுத்த நான்கைந்து வகைகளில் பாதம் நிற்கவே இல்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த, சொரசொரப்பான, சின்ன அளவு டைல்ஸில்தான் கால் ஊன்றி நின்றது. சின்ன டைல்ஸில் இணைப்புக் கோடுகள் அதிகம். அந்தக் கோடுகளும் பாதத்துக்குப் பிடிப்புத் தரும். விலையும் குறைவு. அதைக் காட்டியபோது எங்கள் டிசைனர் சொன்னது: “இதெல்லாம் வாடகை வீட்டுக்குப் போடுவது மேடம்.”

இனி கம்பி விஷயத்துக்கு வருகிறேன். நான் விடாமல் கேட்டதால் கடைசியில் இறங்கி வந்து, “சரி, ஒரு நல்ல டவல் கம்பி போட்டுவிடுகிறோம், ஆன்ட்டி அதையே பிடித்துக்கொள்ளலாம்” என்றார்கள். இதைவிட ஆபத்தான யோசனை வேறு இருக்க முடியாது. டவல் கம்பி என்பது ஒரு துண்டின் எடையைத் தாங்கச் செய்தது. இரண்டு குட்டித் திருகாணிகள், டைல்ஸில் ஓட்டை போட்டு அடித்த பிளாஸ்டிக் முளை, அவ்வளவுதான் அதன் உயிர். வழுக்குகிற நொடியில் ஒரு மனுஷி தன் முழு எடையையும் அதில் போட்டு இழுத்தால் முளையோடு பெயர்ந்து கையில் வந்துவிடும். பிடிக்க ஒன்றுமே இல்லாவிட்டால் மனிதர்கள் எச்சரிக்கையாக நடப்பார்கள். பிடித்ததும் பெயர்ந்து வருகிற கம்பி ஆளை நம்பவைத்துக் கீழே தள்ளும். ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்டவைக்கிற கம்பிகளும் அதே ரகம்தான்.

உண்மையான கைப்பிடிக் கம்பி ஏறக்குறைய ஒன்றரை அங்குல விட்டம் இருக்க வேண்டும். அப்போதுதான் விரல்கள் முழுதாக வளைந்து பற்றும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி போதும். அதற்குமேல் போனால் சறுக்கும்போது முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளின்படி அது 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ விசையைத் தாங்கியாக வேண்டும். அந்தப் பலம் கம்பியில் மட்டும் இருந்தால் போதாது, சுவரிலும் இருக்க வேண்டும். அதனால்தான் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே, எங்கே கம்பி வரும், அந்த இடத்துச் சுவர் தாங்குமா என்று திட்டமிடச் சொல்கிறார்கள். எல்லாம் முடிந்தபிறகு துளை போட்டால் டைல்ஸ் விரிசல் விடலாம், உள்ளே போகிற தண்ணீர்க் குழாயில் துளை விழலாம். நான் முதல் சந்திப்பிலேயே கேட்டதற்குக் காரணம் இதுதான். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று அவர்கள் தள்ளிப்போட்டதற்கும் காரணம் இதுதான். பிறகு கேட்டால், “டைல்ஸ் உடைந்துவிடும் மேடம்” என்று சொல்லிவிடலாம் அல்லவா!

கோயம்புத்தூரில் தம்பி கட்டியிருக்கும் தனிவீட்டிலும் இதே கூத்து. மாடிக்குப் போகிற படிகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கின்றன. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெட்டவெளி. தடுப்பே இல்லை. இரண்டு வயதுக் குழந்தை ஓடியாடும் வீடு அது! தேசியக் கட்டட விதித்தொகுப்பு பால்கனிக்கும் மொட்டைமாடிக்கும் தடுப்பு ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. படிக்கட்டுக்குக் கைப்பிடி வேண்டும் என்கிறது. யாருக்குக் கவலை? சண்டை போட்டபிறகு கண்ணாடித் தடுப்பு வைக்க ஒப்புக்கொண்டார்கள். அதிலும் டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி மட்டும் போதும் என்றார்கள். அந்தக் கண்ணாடி உடைந்தால் கூரில்லாத சிறு துண்டுகளாக உதிரும், பெரிதாகக் கிழிக்காது என்பது சரிதான். ஆனால் உதிர்ந்த இடத்தில் தடுப்பே இருக்காதே! சில நேரங்களில் உள்ளே சிக்கிய நுண்ணிய நிக்கல் சல்பைடு துகளால் யாரும் தொடாமலே அது வெடித்து உதிர்வதும் உண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாக இருந்தால் உடைந்தாலும் அப்படியே நிற்கும். உயரத்தில் தடுப்பாக நிற்க வேண்டியது அதுதான். தம்பி மனைவி பிடிவாதமாக நின்று அதை வாங்கினாள். மேலே பிடித்துக்கொள்ள ஒரு மரக் கைப்பிடியும் போடச் சொன்னாள். அதற்கு மட்டும் ஒரு மாதம் இழுத்தடித்தார்கள்.

பழைய வீடுகள் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. உயர்ந்த நிலைப்படியில் கால் இடறி விழாதவர்கள் நம் குடும்பங்களில் உண்டா? கொல்லையில் இருந்த கழிப்பறைக்கு மழையில் நடந்த கொடுமையும் எனக்குத் தெரியும். ஆனால் திண்ணையில் ஏறத் தூண் இருந்தது, மாடிப்படிக்குத் தேக்குக் கைப்பிடி இருந்தது, கதவில் வளையம் இருந்தது. அவற்றை அழகாகக் கடைந்து, செதுக்கி, எண்ணெய் பூசி வைத்தார்கள். பிடிமானத்தை அசிங்கம் என்று அந்தத் தச்சர்கள் நினைக்கவில்லை.

மின்சாரப் பெட்டி விஷயம் இன்னொரு வயிற்றெரிச்சல். அதை ஓவியத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பதோ, அலமாரிக்குள் துணிகளுக்குப் பின்னால் தள்ளிவிடுவதோ இப்போது பழக்கமாகிவிட்டது. அதில் இருக்கிற ஆர்.சி.சி.பி. என்கிற மின்கசிவுத் துண்டிப்பான், 30 மில்லி ஆம்பியர் கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டித்து ஆளைக் காப்பாற்றும். எம்.சி.பி. வேறு வேலை செய்கிறது. அது வயர் சூடேறி எரியாமல் காக்கும், ஷாக் அடிக்கிற ஆளைக் காக்காது. ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ (டெஸ்ட்) என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அவ்வப்போது அழுத்தி, சட்டென்று துண்டிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓவியத்தைக் கழற்றி யார் பார்ப்பார்கள்? சமையலறையிலும் இப்படித்தான். சிலிண்டரைக் காற்றுப் புகாத அலமாரிக்குள் அடைக்கிறார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். கதவின் அடியில் காற்றோட்டத் துளை போடுங்கள் என்றால், கரப்பான் பூச்சி வரும் என்று பதில் வருகிறது. வலை அடிக்க வேண்டியதுதானே?

இவர்கள் தாங்களாகவே ஆசையோடு பரிந்துரைக்கிற பாதுகாப்பு ஒன்று உண்டு என்றால், அது வாசல் கதவின் டிஜிட்டல் பூட்டு. விலை அதிகம், பார்க்கப் பகட்டு, படத்தில் நன்றாக விழும். கைரேகை வைத்தால் திறக்கும் என்றார்கள். வீட்டு வேலையில் தேய்ந்த, வயதில் சுருங்கிய அம்மாவின் விரல் ரேஷன் கடைக் கருவியிலேயே பதிவதில்லை. வாசல் பூட்டில் பதியுமா? எண்ணை அழுத்தலாம், அட்டை வைக்கலாம், சாவியும் உண்டு என்கிறார்கள். அந்தச் சாவித் துவாரத்தையும் ஒரு மூடிக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

அழகாக இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? பித்தளை நிறத்தில், கறுப்பு நிறத்தில், மேலே சோப்பு வைக்கும் தட்டோடு சேர்ந்த கைப்பிடிக் கம்பிகள் வருகின்றன. பால்கனியில் துருப்பிடிக்காத எஃகு இழைகளைக் கட்டிக் குழந்தைகளைக் காக்கிறார்கள், வானமும் தெரிகிறது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, நடந்தால் தானாக எரிகிற சின்னச் சின்னத் தரையோர விளக்குகள் கிடைக்கின்றன. எல்லாம் கண்ணுக்கு இனிமையானவைதான். எங்கள் வீட்டு மதிப்பீட்டில் கூரைக்கு நெளிநெளியாக ஒளிக்கோடுகள் இருந்தன. தரையோர விளக்கு ஒன்றுகூட இல்லை. கேட்டபோது, ‘கூடுதல் ஆடம்பர வசதிகள்’ என்ற தலைப்பில் சேர்த்துத் தனிக் கட்டணம் போட்டார்கள். இரவில் அம்மா எழுந்து நடப்பது ஆடம்பரமா?

2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். கீழே விழுந்து இறப்பவர்கள் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் மிகுதியாகப் பாதிக்கப்படுவது முதியோர். இவர்கள் காட்டுகிற மாதிரி வீட்டுப் படங்களில் ஒரு பாட்டியாவது, ஒரு தாத்தாவாவது உட்கார்ந்திருக்கிறார்களா? யாருக்காகக் கட்டுகிறார்கள் இந்த வீடுகளை?

கடைசித் தவணைப் பணத்தை நான் நிறுத்திவைத்திருக்கிறேன். குளியலறையில் இரண்டு கம்பிகள், சொரசொரப்பான தரை, தரையோர விளக்குகள் வந்தபிறகுதான் மீதிப் பணம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். நேற்று போன் வந்தது. எல்லாவற்றுக்கும் சம்மதமாம். ஒரே ஒரு வேண்டுகோளாம்: முதலில் புகைப்படக்காரர் வந்து வீட்டைப் படம் எடுத்துவிடட்டும், கம்பியைப் பிறகு மாட்டலாமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். கம்பி மாட்டியபிறகு படம் எடுங்கள். அந்தக் கம்பி படத்தில் தெரியட்டும்.