61 கட்டையில் தொடங்க வேண்டாம்

பியானோ கற்பவர்கள் முதலில் 61 கட்டை (விசை) கொண்ட கீபோர்டு வாங்கிப் பழகிவிட்டு, பிறகு டிஜிட்டல் பியானோவுக்கு மாறலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டு முறை பணம் போனது.

61 கட்டை என்றால் ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி). அதுகூடப் பரவாயில்லை, கட்டையில் கனம் இல்லாததுதான் கோளாறு. ஓராண்டு அதில் பழகிய என் மகள், ஏற்காட்டில் அக்கா வீட்டுப் பழைய மரப் பியானோவில் உட்கார்ந்தபோது பாதிச் சுரங்கள் ஒலிக்கவே இல்லை. விரலுக்கு அந்த வலு வரவில்லை.  

இப்போது வீட்டில் இருப்பது 88 கட்டை, ஹேமர் ஆக்‌ஷன். அதாவது, மரப் பியானோவைப் போல உள்ளே இருக்கும் சுத்தியல் அமைப்பு கட்டைக்குக் கனம் தரும். இடப்பக்கம் கனம் கூடுதல், வலப்பக்கம் குறைவு. யமஹா பி-45, ரோலண்டு எஃப்பி-10 இரண்டையும் வாசித்துப் பார்த்தோம். முன்னதில் ஒரே நேரத்தில் 64 சுரங்கள் ஒலிக்கும், பின்னதில் 96. சுரத்தை நீள ஒலிக்க வைக்கும் கால் பெடலை அழுத்திக்கொண்டே வாசிக்கும் பாடம் வரும்வரை இந்த வேறுபாடு காதில் விழாது. கட்டைகள் விரல்களுக்கு இதமாக இருந்ததால் ரோலண்டையே எடுத்தோம்.

ஹெட்போன் மாட்டினால் சத்தமே இராது என்பதையும் நம்பாதீர்கள். கட்டையைத் தட்டும் அதிர்வு ஸ்டாண்டு வழியே தரையில் இறங்கும். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் கீழ்வீட்டு அம்மா, "இரவு பத்து மணிக்கு என்ன இடிக்கிறீர்கள்?" என்று மேலேறி வந்துவிட்டார். ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் பாய் போட்ட பிறகுதான் அமைதி. கூடவே வரும் பெடலும் மொசைக் தரையில் வழுக்கி ஓடும். சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டியிருக்கிறேன்.