ஆசனத்துக்கு முன்னால் இரண்டு படிகள்

யோகா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் வருடம் நான் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் உறுத்துகிறது. வகுப்பில் பச்சிமோத்தானாசனம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்திருந்தார். விரல் கால் கட்டைவிரலைத் தொட இன்னும் ஒரு சாண் பாக்கி. நான் பின்னால் போய், கேட்காமல் கொள்ளாமல், இரண்டு கையாலும் முதுகை அழுத்தினேன். தொட்டுவிட்டார். "பாத்தீங்களா, வந்துடுச்சு" என்றேன். அவர் மூச்சை இறுக்கிப் பிடித்திருந்தார். நிமிர்ந்தபோது கண்ணோரம் ஈரம். "சரிங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

அந்த ஒரு சாண் அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது.

யோக சூத்திரங்களைத் தந்த பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களை நாம் எல்லோரும் ஒப்பிப்போம். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம் என்று மளமளவென்று வரும். ஆனால் ஆசனம் மூன்றாவதாக வருகிறது என்பதை எத்தனை பேர் நின்று யோசித்திருக்கிறோம்? அதற்கு முன்னால் இருப்பவை பிறரிடம் நடந்துகொள்ளும் ஒழுக்கமான இயமமும், தன்னளவில் கடைப்பிடிக்கும் ஒழுக்கமான நியமமும். இயமத்தின் முதல் சொல்லே அகிம்சை. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தைச் சொல்லும்போது 'கொல்லான்' என்றுதான் தொடங்குகிறார். அதே பாட்டில் 'பகுந்துண்பான்' என்றும் சொல்கிறார். பகிர்ந்து சாப்பிடுவதும் யோகத்தில் சேர்த்தி! எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

யோக சூத்திரங்கள் மொத்தம் 196 என்பது பரவலான கணக்கு. அதில் ஆசனத்தை நேரடியாக விளக்குபவை 3 தான். அசையாமல், சுகமாக இருப்பது ஆசனம் என்கிறது முதலாவது. அடுத்தது, முயற்சியைத் தளர்த்தி, மனம் எல்லையற்றதில் ஒன்றும்போது அது கைகூடும் என்கிறது. மூன்றாவது, அதன்பின் இரட்டைகள் தாக்காது என்கிறது. குளிர், வெப்பம் போன்றவைதான் அந்த இரட்டைகள். "முடியும், முடியாது" என்பதையும் நான் அதில் சேர்த்துக்கொள்வேன்.

முயற்சியைத் தளர்த்துவது என்றால் சும்மா கிடப்பது இல்லை. ஒரு நிலையில் இருக்கும்போது தாடையைக் கவனித்துப் பாருங்கள். குனிவது இடுப்பிலிருந்து. தாடைக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம். அப்படிக் கடிப்பது 'நான்'. செய்து காட்டிவிட வேண்டும், பக்கத்து விரிப்பில் இருப்பவரைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்று தவிக்கிற அந்த நான். அது கொஞ்சம் இளகும்போது மூச்சு தானாக நீள்கிறது. யோகத்தின் ஆன்மிகம் எனக்குப் புரிந்தவரை அங்கேதான் தொடங்குகிறது. ஒளி தெரிகிறதா, உடம்புக்குள் உறங்குவதாகச் சொல்லப்படும் குண்டலினி சக்தி எழுந்ததா என்று ஆவலோடு கேட்பவர்களிடம் எனக்கு வருத்தம் இல்லை. முதல் படியில் கால் வைக்காமல் எட்டாவது படியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்ற ஆதங்கம்தான்.

சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அகிம்சையில் ஊன்றி நிற்பவர் அருகில் பகை விலகும் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. வகுப்பில் நாம் கொடுக்கிற பெரிய பாடம் அந்த அருகாமை என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் ஒருவருடைய உடம்பு பயந்து இறுகுகிறது என்றால், எத்தனை கடினமான ஆசனம் நமக்கு வந்து என்ன பயன்?

இப்போதெல்லாம் தொடுவதற்கு முன் கேட்கிறேன். "வேண்டாம்" என்றால் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். இப்போது வகுப்புக்கு வரும் ஒரு பெரியவருக்கு இரண்டு வருடமாகக் கை முழங்காலோடு நின்றுவிடுகிறது. அவர் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. குனிந்து, கண்ணை மூடி, அப்படியே இருப்பார். அவர் முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.