கைக்கூலி என்ற சொல் இவ்வளவு மலிவா?

நேற்று அண்ணன் போட்ட பதிவையும், அதன் கீழ் எனக்குக் கிடைத்த பட்டத்தையும் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்க அதிபர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2020இல் நடந்த உட்கட்சித் தேர்தலில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஒருவரே மக்கள் வேட்பாளர், அவரோடு போட்டியிட்ட செனட்டர் எலிசபெத் வாரன் பெருநிறுவனங்களின் கைக்கூலி என்று அண்ணன் எழுதினார். ஆதாரம் கேட்ட குற்றத்துக்காக நானும் கைக்கூலி ஆகிவிட்டேன். அந்தக் கூலி எந்தக் கணக்கில் வருகிறது என்று யாராவது சொன்னால் வீட்டுக் கடனையாவது அடைத்துவிடுவேன்.

ஒரு வேட்பாளருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது சரிதான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் யாருடைய லாபத்தில் கை வைத்தார் என்பதையும் கூடவே கேட்க வேண்டும் என்பதுதான் நான் சொன்னது. 5 கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆண்டுதோறும் 2 சதவீத வரி என்று 2019இல் முன்மொழிந்தவர் வாரன். நாம் உட்கார்ந்து சண்டை போடும் இந்த முகநூலிலிருந்து இன்ஸ்டாகிராமையும் வாட்ஸப்பையும் பிரித்துவிட வேண்டும் என்றவரும் அவரே. அவர் வென்றால் நீதிமன்றத்தில் மோத நேரிடும் என்று முகநூலின் தலைவர் மார்க் சக்கர்பெர்க் தன் ஊழியர்களிடம் பேசிய ஒலிப்பதிவு அப்போது வெளியே கசிந்தது. கைக்கூலியைக் கண்டு முதலாளி இப்படியா பதறுவார்?

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2014இல் கணக்கில் நான்கு டாலர் குறைந்திருந்தது தெரியாமல் ஒரு காப்பிக்கு அட்டையைத் தேய்த்தேன். கணக்கில் பணம் போதாவிட்டாலும் வங்கியே செலுத்திவிடும், நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒரு சேவையின் பெயரில் வங்கி 35 டாலரைப் பிடித்துக்கொண்டது. கிளைக்கு இரண்டு முறை நடந்தேன், புன்னகை மட்டும் கிடைத்தது. பிறகு வங்கிகளிடமிருந்து வாடிக்கையாளர்களைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் ஒரு புகார் எழுதினேன். இரண்டு வாரத்துக்குள் பணம் திரும்பி வந்தது. அப்படியோர் ஆணையம் வேண்டும் என்று 2007இல், பேராசிரியராக இருந்தபோதே எழுதியவர் வாரன். 2010இல் சட்டமாகி ஆணையம் உருவானபோது அவரையே அதன் தலைவராக்க முடியாதபடி குடியரசுக் கட்சியினர் மறித்தனர்.

"வாரன் தன் செனட் தேர்தல் நிதியில் மீந்த ஒரு கோடி டாலரை அதிபர் தேர்தலுக்குக் கொண்டுவந்தாரே, அதில் பெரிய பணக்காரர் பணமும் இருந்ததே" என்பீர்கள். இருந்தது. அதனால் என்ன? "வேட்பாளருக்காக வரம்பின்றிப் பணம் திரட்டிச் செலவிடும் 'சூப்பர் பேக்' குழுக்கள் வேண்டாம் என்றவர், நெவாடா மாநில உட்கட்சி வாக்கெடுப்புக்கு முன்பு தனக்காக முளைத்த ஒன்றை மறுக்க மாட்டேன் என்றாரே" என்பது கனமான கேள்வி. அன்று எனக்கும் வலித்தது, இன்றும் அதற்கு நியாயம் சொல்ல மாட்டேன். ஆனால் அதே தராசில் பெர்னியையும் நிறுத்துங்கள். 2016இல் சராசரி 27 டாலர் நன்கொடையில் ஓர் இயக்கத்தை எழுப்பியவர் என்பதால் அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அவர் தொடங்கிய 'அவர் ரெவல்யூஷன்' (Our Revolution, 'நம் புரட்சி') அமைப்பு, நன்கொடைக்கு உச்சவரம்பே இல்லாத வகையைச் சேர்ந்தது என்பதை ஏன் ஒருவரும் பேசுவதில்லை? தேர்தலில் பெருநிறுவனங்கள் வரம்பின்றிச் செலவிடலாம் என்ற 2010 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு திறந்துவிட்ட வாசல் வழியே 2024 தேர்தலில் கோடீஸ்வரர் ஈலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். அதைப் பற்றி அண்ணன் எழுதிய பதிவு எனக்குத் தட்டுப்படவில்லை. வாரனைத் திட்டியவை மட்டும் எண்ணிலடங்கா.

"ஓட்டே இல்லாதவனுக்கு என்ன அரசியல்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மைதான் தம்பி. பச்சை அட்டை வரிசையில் நிற்கும் நான் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர் கொடுத்தாலும் சட்டவிரோதம். வரியை மட்டும் மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

கைக்கூலி என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆதாரங்களோடு நான் எழுதிய பின்னூட்டத்தை, ஏழு ஆண்டுகளாக என் வீட்டில் சாப்பிட்ட அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் அழித்துவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வாரம் அண்ணி புளியோதரை கொடுத்தனுப்பிய தூக்குவாளி இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. சனிக்கிழமை என் மனைவி கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். நான் வரவில்லை.