சுணங்கைத் தேமல் என்று எழுதாதீர்கள்

சங்கப் பாடல்களுக்கு உரை எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெண்ணின் மேனி அழகைச் சொல்லும் 'சுணங்கு' என்ற சொல் வரும் இடத்தில் 'தேமல்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். பழைய உரைகளிலும் அப்படித்தான் இருக்கிறது, சரி. ஆனால் இன்றைக்குத் தேமல் என்றால் மருந்துக்கடைக் களிம்புதானே நினைவுக்கு வருகிறது?

குறுந்தொகை 71-ல் "மருந்தெனின் மருந்தே, வைப்பெனின் வைப்பே" என்று ஒருவன் உருகுகிறான். நோய்க்கு மருந்தும் அவள்தான், சேர்த்துவைத்த செல்வமும் அவள்தான். அதை அடுத்து வருவது "அரும்பிய சுணங்கின்". அரும்புவது பூ அல்லவா! அங்கே போய்த் 'தேமல் படர்ந்த' என்று படித்தால் கல்லூரிப் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சுணங்கு என்பது இளம்பெண்ணின் மேனியில், பெரும்பாலும் மார்பில், பொன்னிறமாகச் சிதறிக் கிடக்கும் புள்ளிகள். அதற்குப் புலவர்கள் விரும்பிச் சொல்லும் உவமை வேங்கைப் பூ. குறுந்தொகை 47-ல் அந்த மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் பாறை, நிலா வெளிச்சத்தில் புலிக்குட்டி போலத் தெரிகிறது. பாறை இருண்டிருப்பதால்தான் பூ அப்படி எடுப்பாக இருக்கிறது. மாந்தளிர் போன்ற மாமை நிறத்தைக் கொண்டாடியவர்களின் கண்ணுக்குத்தான் சுணங்கும் அழகாகப் பட்டிருக்கும் என்பது என் எண்ணம். (பசலையோடு இதைக் குழப்ப வேண்டாம். அது பிரிவில் படரும் வெளிறல்.)

பெண்ணின் மேனியில் தெரியும் புள்ளியையோ வரியையோ சொல்லும் 'திதலை' என்ற சொல்லுக்கும் இதே கதிதான், அதற்கும் தேமல் என்றே பொருள் போடுகிறார்கள். நற்றிணை 370-ல் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். கணவன் அருகில் போய், "மகனைப் பெற்றுப் புதுப்பெயரும் வாங்கி, அழகிய வரிகளும் திதலையுமாக முதுபெண்டு ஆகிவிட்டாய், தூங்குகிறாயோ?" என்று கேலி செய்து, அவள் வயிற்றில் குவளைப் பூவால் ஒற்றுகிறான். அவள் மெல்லச் சிரித்துக் கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறாள். பேறுகாலத்துக்குப் பின் வயிற்றில் தெரியும் கோடுகள்தாம் இவை என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று அதே கோடுகளை மறைக்கத்தான் எத்தனை விளம்பரங்கள்!

மருத்துவம் பேசுகிறவர்கள் வருவார்கள். தேமலுக்குக் காரணம் மலசீசியா என்ற பூஞ்சை, எல்லார் தோலிலும் இருப்பது, எண்ணெய்ச் சுரப்பு கூடும் இளவயதில் மார்பிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகத் தெரியும் என்பார்கள். வயதும் இடமும் பொருந்துகின்றன, மறுக்க மாட்டேன். இருக்கட்டுமே. கன்னக்குழி விழுவதற்கும் தசையின் அமைப்பில் காரணம் உண்டு, அதற்காக உரையில் தசையைப் பற்றியா எழுதுவோம்?

சுணங்கு என்றே விட்டால் தாமதம் என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயம்தான். இங்கே சுணக்கம் என்கிறோம், யாழ்ப்பாணத்தில் 'சுணங்கிப் போச்சு' என்பது அன்றாடப் பேச்சு. அதற்கு ஒரு அடிக்குறிப்பு போதும்: இளமேனியில் அரும்பும் பொன்னிறப் புள்ளிகள்.