நான்கு குழாய்களை நம்பி ஓடும் கொலராடோ ஆறு

அணைத் தண்ணீர் என்றாலே "யாருக்கு எத்தனை டிஎம்சி" என்றுதான் நாம் பேச ஆரம்பிப்போம். அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையில் நடக்கும் வாதம் வேறு மாதிரி. கொலராடோ ஆற்றில் ஆண்டுக்கு எவ்வளவு இறக்குவது என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தங்களே முடிவு செய்துவிடுகின்றன. அதே தண்ணீரை எந்த நேரத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு குளிர்ச்சியாக விடுவது என்பதில்தான் மின்துறை, மீன்வளத் துறை, படகோட்டிகள், ஹோபி, சூனி, நவாஹோ பழங்குடிகள் எல்லோரும் ஒரே மேசையில் மோதிக்கொள்கிறார்கள்.

1963-ல் மதகுகளை மூடியதும் ஆற்று மணல் ஏறக்குறைய முழுவதும் நீர்த்தேக்கத்தில் தங்கிவிட்டது. ஆழத்திலிருந்து வந்த தண்ணீர் 8 முதல் 10 டிகிரிதான். மொத்தம் 8 டர்பைன்கள், 1,320 மெகாவாட். நகரங்களில் ஏசி ஓடும் நேரத்தில் ஆறு ஏறும், நள்ளிரவில் வற்றும். 1996 விதிகள்தான் இதற்கு நிலையான கடிவாளம் போட்டன: பகலில் குறைந்தது வினாடிக்கு 8,000 கன அடி, இரவில் 5,000, கூட்டும்போது மணிக்கு 4,000 கன அடிக்கு மேல் கூடாது, குறைக்கும்போது 1,500 (2016 விதிகளில் இது 2,500 ஆனது).

இந்த ஏற்ற இறக்கம் என்ன செய்யும்? ஆற்றுப் பூச்சிகள் பல, தண்ணீர் விளிம்பில் இருக்கும் கல்லில் ஒட்டி முட்டையிடும். சாயங்காலம் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது இட்ட முட்டை, சில மணி நேரத்தில் வெளியே வந்து காய்ந்துபோகும். பூச்சி இல்லையென்றால் மீனுக்கு இரை இல்லை. அதனால் 2018 முதல் சில கோடைகளில் சனி, ஞாயிறு மட்டும் தண்ணீரைத் தாழ்வாக, ஏறாமல் இறங்காமல் விட்டுப் பார்த்தார்கள். அப்போது இட்ட முட்டை வாரம் முழுக்க நனைந்தே இருக்கும். வார இறுதியில் மின்தேவை குறைவு, ஆகவே இழப்பும் சிறிது. சமரசம் என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

மணல் விஷயம் இவ்வளவு சுலபமாக இல்லை. அணைக்குக் கீழே கரைந்துவரும் மணல் திட்டுகளை மீண்டும் உயர்த்த, 1996-ல் 45,000 கன அடியை ஏழு நாள் திறந்துவிட்டார்கள். திட்டுகள் உயர்ந்தன, ஆனால் அந்த மணலில் பெரும்பகுதி பழைய திட்டுகளின் அடியிலிருந்தே அரித்து வந்தது. புது மணல் வராதபோது வெள்ளம் விட்டால் கையிருப்புதான் கரையும். அதைப் படித்த பிறகு, கீழே சேரும் பரியா ஆறு மழைக்காலத்தில் எவ்வளவு மணல் கொண்டுவந்தது என்று அளந்து, போதுமென்றால் மட்டும் திறப்பது என்று 2012-ல் நடைமுறை வகுத்தார்கள்.

ஒருவருக்கு நல்லது செய்தால் இன்னொருவருக்குத் தொல்லை என்பதும் அங்கே கண்கூடு. 2008 வசந்தகால வெள்ளம் சரளைக் கற்களைக் கழுவிவிட, ட்ரௌட் மீன் பெருகியது. தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த ட்ரௌட் கீழே இறங்கி, அந்த ஆற்றுக்கே உரிய கூன்முதுகு சப் மீனின் குஞ்சுகளைத் தின்னும். ட்ரௌட்டைப் பிடித்துக் கொல்லலாம் என்றால், லிட்டில் கொலராடோ என்ற கிளையாறு வந்து சேருமிடம் தங்களுக்குப் புனிதம், அங்கே உயிர்ப்பலி கூடாது என்கிறார்கள் சூனி மக்கள். இதைத் தடங்கல் என்று ஒதுக்குவது தவறு. அறிவியல் கணக்குக்குச் சமமான எடை அதற்கும் வேண்டும். மின்துறையை வில்லனாக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். அந்த மலிவு மின்சாரம் பழங்குடிகளுக்கும் கிராமக் கூட்டுறவுகளுக்கும் போகிறது.

இப்போதைய சிக்கல் வறட்சி. நீர்மட்டம் இறங்கியதால் மேல்பரப்பின் வெதுவெதுப்பான நீரே டர்பைனுக்குள் போனது, கூடவே ஸ்மால்மவுத் பாஸ் என்ற, மற்ற மீன்களைத் தின்னும் அந்நிய மீனும். 2022-ல் அது அணைக்குக் கீழே இனப்பெருக்கம் செய்வது தெரிந்தது. அது பெருகாமல் தடுக்க, 2024 கோடையில் டர்பைனைத் தொடாமல் ஆழத்திலிருந்து நீரை விடும் நான்கு புறவழிக் குழாய்களைத் திறந்து ஆற்றைக் குளிர்வித்தார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு யூனிட் மின்சாரம்கூட வராது. வெளியே வாங்கி ஈடுகட்ட வேண்டும். அந்தச் செலவை மின்கணக்கில் மட்டும் ஏற்றாமல், மத்திய அரசே முன்கூட்டி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதைவிட அவசரம் அந்தக் குழாய்கள். 2023 ஏப்ரல் வெள்ளத் திறப்புக்குப் பின் பார்த்தபோது, வேகமாக ஓடும் நீரில் உருவாகும் குமிழிகள் வெடித்ததால் உட்புறம் அரிக்கப்பட்டிருந்தது. பூச்சு புதுப்பித்திருக்கிறார்கள். ஆனால் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,490 அடிக்குக் கீழே போனால் டர்பைன் நின்றுவிடும், கீழ்மாநிலங்களுக்கான தண்ணீர் முழுவதும் இந்த நான்கு குழாய்கள் வழியாகத்தான் போக வேண்டும். அவை ஆண்டு முழுக்க ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. தாழ்மட்டத்தில் புது வழி அமைப்பதை மேசையில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து இப்போதே கேட்க வேண்டும்.